அக்டோபரில் கல்யாணம் வைத்தவனின் வாக்குமூலம்

அவைக்குத் தலைமை ஏற்று, கடந்த பத்து நிமிடமாக என்னைக் கண்கொட்டாமல் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகர் சங்கத் தலைவர் நோர்பர்ட் துடெக் அவர்களே. மண்டபத்தைத் தந்ததோடு நில்லாமல், மண்டபப் பதிவேட்டையும் தலைவர் கையில் தந்து என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கிய பங்குத் தந்தை அலோஷியஸ் அவர்களே. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, தோற்றுத் தோற்றுத் தோல் தடித்துப்போன பஃபலோ நகரத்துப் பெரியோர்களே. உள்ளே பியரோகிக் கொழுக்கட்டை வேகவைத்தபடி காதுகளை மட்டும் இந்த மண்டபத்துக்கு அனுப்பிவைத்திருக்கும் தாய்மார்களே. கடைசி வரிசையில் கைகட்டி நிற்கும் சகோதரர்களே. இருபத்தாறு ஆண்டுகளாக இதே மேடையில் உங்களுக்கு நம்பிக்கை ஊட்டியவனும், இன்று உங்கள் நம்பிக்கையை இழந்து நிற்பவனுமாகிய ரேமண்ட் கோஸ்லிக்கின் மாலை வணக்கம்.

கைதட்டல் இல்லை. பரவாயில்லை. இருமல் சத்தமாவது கேட்கிறதே, அதுவே எனக்குப் போதும்.

இன்று வியாழக்கிழமை. ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நம் ஸ்கூப்பர்ஸ் பேஸ்பால் அணி இறுதித் தொடரில் நிற்கிறது. ஏழு ஆட்டத்தில் நான்கு வென்றவருக்குக் கோப்பை. மூன்று வென்றோம், இரண்டு தோற்றோம். நாளை வெள்ளிக்கிழமை ஆறாவது ஆட்டம். அதில் வென்றால் கோப்பை நமது. தோற்றால், சனிக்கிழமை எட்டு மணிக்கு ஏழாவது ஆட்டம். அந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கு, இதே மண்டபத்தில், என் ஒரே மகள் மோனிகாவின் கல்யாண விருந்து.

குற்றம் இதுதான். ஒவ்வொரு ஜனவரியிலும், பனி மூடிய ஞாயிற்றுக்கிழமையில், சங்கத்தின் குளிர்கால விருந்தில் நான் எழுந்து நிற்பேன். இந்த ஆண்டும் நின்றேன். என்ன பேசினேன்? "வாடிய வயலில் வசந்தம் வரும், வறண்ட நெஞ்சில் வெற்றி வரும், இந்த ஆண்டு நம் ஆண்டு" என்றேன். நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். யூஜின் விட்கோ அழுதார். ஆம் யூஜின், நான் பார்த்தேன், வெங்காயம் என்று சொல்ல வேண்டாம். அப்படிப் பேசிய மூன்றாவது வாரம், பிப்ரவரி மூன்றாம் தேதி, இதே மண்டபத்தை அக்டோபர் கடைசிச் சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன்.

போன மாதம் நம் அணி தகுதி பெற்ற மறுநாள் காலை, தலைவர் நோர்பர்ட் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. காபியும் தொடவில்லை. கல்யாண அழைப்பை ஒரு கையிலும் ஆட்ட அட்டவணையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா ரே, இந்தத் தேதிய நீ எப்பக் குறிச்ச?"

"அது ஆச்சு கொஞ்ச நாள்."

"கொஞ்ச நாளுன்னா? ஜனவரிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"உனக்கு எதுக்குப்பா அதெல்லாம்?"

"ஃபாதர்கிட்ட ரிஜிஸ்டர் பாத்துட்டுத்தான் வர்றேன். எங்களயெல்லாம் மேடை மேல நின்னு ஏத்திவிட்டுட்டு, நீ கீழ எறங்கி வேற வேல பாத்திருக்க. இருபத்தாறு வருஷமா இப்படித்தானா?"

என் மனைவி ஹெலனுக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்றிலிருந்து ஊரில் யார் என்னைப் பார்த்தாலும் ஒரு கண்ணைச் சுருக்குகிறார்கள். பேக்கரியில் ரொட்டி கேட்டால், "நெசமாத்தான் வேணுமா, சும்மா பேச்சுக்குக் கேக்குறியா?" என்கிறாள் அந்தப் பெண்.

அன்பார்ந்தவர்களே, ஒன்று கேட்கிறேன். இந்த அணியைச் சந்தேகப்படுவது பாவமா? தானியக் கப்பலில் இறங்கித் தானியம் அள்ளிய உழைப்பாளிகளின் பெயரைச் சூட்டிக்கொண்டு, ஐம்பத்தெட்டு ஆண்டுகள் எதையுமே அள்ளாத அணி இது. கடைசி இன்னிங்ஸ், எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட்டானால் வெற்றி, நாம் ஒரு ரன் முன்னிலை. பந்து வானத்துக்கு எழும்பிப் பூப்போல இறங்குகிறது. பிடிக்க நம்மவர் இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். 'நீங்க எடுங்க' என்று இவர் நிற்க, 'இல்ல, நீங்க எடுங்க' என்று அவர் நிற்க, பந்து இருவர் காலடியிலும் விழுந்ததே, அதைப் பார்த்தவன் நான். சம்பந்தி வீட்டு விருந்தில்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. அதற்குப் பிறகு எவன் நம்புவான்? எப்படி நம்புவான்? எதை வைத்து நம்புவான்?

இந்த ஆகஸ்ட்டில் பதினோரு ஆட்டம் தொடர்ந்து வென்றார்கள். உங்களில் யாராவது மகிழ்ந்தீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நான்காவது வெற்றியில் புருவம் உயர்ந்தது. ஏழாவது வெற்றியில் யூஜின் என்னிடம், "ரே, என்னமோ நடக்குது, நம்மகிட்ட மறைக்கிறாங்க" என்றார். பதினோராவது வெற்றியில் அணியின் முதலாளி தொலைக்காட்சியில் சிரித்தார். "அந்தாளு ஏன் சிரிக்கிறாரு? டீம வேற ஊருக்குத் தள்ளிவிடப் போறாரோ?" என்று அன்றிரவே தொலைபேசியில் பேசிக்கொண்டது நாம்தான். தோற்றால் துக்கம், வென்றால் சந்தேகம், இரண்டுக்கும் நடுவில் நமக்கு ஒரு நாள் நிம்மதி கிடையாது.

சரி, பிப்ரவரி மூன்றாம் தேதிக்கு வருகிறேன். அன்று காலை மோனிகாவும் மாப்பிள்ளை கெவினும் சமையலறை மேசையில் காலண்டரை விரித்தார்கள். வசந்தத்தில் ஆட்டம் தொடங்கிவிடும், கோடையில் ஆட்டம் உச்சத்தில் இருக்கும். அக்டோபரில் இறுதித் தொடர், அதில் நாம் இருக்கவே மாட்டோம். ஆகவே நம் ஊரில் எந்த விசேஷத்துக்கும் பத்திரமான மாதம் எது? அக்டோபர். கூரை மாற்றுவதா, அக்டோபர். குழந்தைக்கு ஞானஸ்நானமா, அக்டோபர். தலைவர் அவர்களே, உங்கள் முழங்கால் அறுவை சிகிச்சை எந்த மாதம்? வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். ஃபாதர், உங்கள் பதிவேட்டில் அக்டோபர் பக்கத்தில் எழுத இடம் இருந்ததா? பாருங்கள், தலையை ஆட்டுகிறார். முழுப் பக்கமும் நிரம்பியிருந்தது.

மோனிகா அன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, கடைசிச் சனிக்கிழமைங்கிறோம். அன்னைக்கு நம்ம டீம் ஃபைனல்ல இருந்துச்சுன்னா?"

நான் சிரித்தேன். பெற்ற மகளின் முன்னால், யோசிக்காமல், வயிறு குலுங்கச் சிரித்தேன். "நம்ம டீமா? நீ பாட்டுக்கு நாளக் குறிம்மா" என்றேன்.

ஆம், நான் பொய் சொன்னேன். மகளிடம் அல்ல, உங்களிடம். இருபத்தாறு ஜனவரியும் இந்த ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்ன ஒரு சொல்லையும் நான் நம்பியதில்லை. வீடு திரும்பும் வழியிலேயே என் பேச்சு எனக்கு மறந்துவிடும். வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

இருங்கள், இருங்கள். "எறங்குய்யா கீழ" என்ற குரல் எனக்குக் கேட்டது. இறங்குகிறேன். அதற்கு முன்னால் என் கோட்டுப் பையில் இருப்பதை எடுக்க அனுமதியுங்கள்.

இவை கல்யாண அழைப்புக்கு, எத்தனை பேர், என்ன சாப்பாடு என்று எழுதி நீங்கள் திருப்பி அனுப்பிய பதில் அட்டைகள். மொத்தம் நூற்றுப் பதினாறு. வாசிக்கட்டுமா? முதல் அட்டை: "மகிழ்ச்சியோடு வருகிறோம். நான்கு பேர். நான்கும் மாட்டிறைச்சி. பாண்டு வாத்தியத்தில் போல்கா நடனப் பாட்டு உண்டா?" கையெழுத்து, நோர்பர்ட் துடெக். தேதி, ஜூன் ஆறு. ஜூன் ஆறாம் தேதி நம் அணி எந்த இடத்தில் இருந்தது தலைவரே? கடைசி இடம். நீங்கள் அட்டவணையைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அடுத்தது. "இரண்டு பேர். கோழி. மனைவிக்குக் கிரேவி வேண்டாம்." யூஜின் விட்கோ. ஜனவரியில் அழுத அதே யூஜின். அடுத்தது. "ஒருவர். மீன். இறைவன் சித்தமானால்." அலோஷியஸ். ஃபாதர், அந்தச் சித்தம் மீனுக்கா, ஆட்டத்துக்கா?

சிரிக்கிறீர்கள். முதல்முறையாக இன்று சிரிக்கிறீர்கள். நான் சிரிக்கவில்லை. பிப்ரவரியில் நான் செய்ததை ஜூனில் நீங்கள் அத்தனை பேரும் செய்தீர்கள். என்னைக் கூண்டில் ஏற்றுவதென்றால் அந்தக் கூண்டில் நூற்றுப் பதினைந்து பேருக்கு இடம் வேண்டும்.

நூற்றுப் பதினாறு இல்லையா என்று தலைவர் கேட்கிறார். இல்லை. ஒரே ஓர் அட்டை வர இயலாது என்று வந்தது. அதை வாசிக்கத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

"அன்புள்ள மோனிகா, என்னால் வர இயலாது. அன்று நம் பையன்களுக்கு ஏழாவது ஆட்டம் இருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. என் ஆசி என்றும் உனக்கு உண்டு. டோலோரஸ் பியாசெக்." தேதி, ஜூன் ஒன்பது.

திரும்பிப் பார்க்கிறீர்கள். ஆம், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே டோலோரஸ் அம்மையார்தான். முப்பது ஆண்டு நகரப் பேருந்து ஓட்டியவர். மைதானத்து மேல்மாடத்தில் தனியே உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிப்பவர். ஜூன் ஒன்பதாம் தேதி, கடைசி இடத்தில் கிடந்த அணிக்காக, ஒரு கல்யாண விருந்தையே வேண்டாம் என்றவர். அன்று நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சந்தேகப்பட்டேன். ஹெலனிடம், "பாத்தியா, அந்தம்மாவுக்கு நம்ம மேல ஏதோ கடுப்பு, ஆட்டத்தச் சாக்கா வெச்சு ஒதுங்குது" என்றேன். இந்த ஊரில் உள்ளபடி நம்பிய ஒரே மனுஷியை, பொய் சொல்கிறார் என்றேன். அம்மையாரே, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு ஜனவரிகூட உங்களைப் பேசச் சொல்லவில்லையே நான்.

இனி, சனிக்கிழமை. என்ன செய்வதென்று இங்கே இரண்டு மணி நேரம் வாதாடினீர்கள். நாளைத் தள்ளிப்போடு என்கிறது ஒரு கட்சி. நாளைத் தொட்டால் அதிர்ஷ்டம் போய்விடும், இந்தக் கல்யாணத்தால்தான் அணியே வெல்கிறது என்கிறது இன்னொரு கட்சி. "ரே, வருஷா வருஷம் அக்டோபர்ல ஒரு கல்யாணம் வை" என்கிறார் யூஜின். எனக்கு இருப்பது ஒரு மகள், யூஜின். விருந்தில் பெரிய தொலைக்காட்சி வை என்கிறது மூன்றாவது கட்சி.

இதையெல்லாம் இங்கே வரும் முன்பே மோனிகாவிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நாளும் மாறாது, டிவியும் வராது. அத்தன பேரும் கழுத்த அந்தப் பக்கம் திருப்பிட்டு உக்காந்திருந்தா, நான் யார் முன்னாடி ஆடுறது? வராதவங்க வரவேணாம்ப்பா. காலி நாற்காலியப் பாத்து நான் அழமாட்டேன்." அழமாட்டேன் என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. பிறகு கேட்டாள்: "அப்பா, எனக்குச் சொன்னது உண்மையா, அவங்களுக்குச் சொன்னது உண்மையா? என்னைக்காவது ரெண்டு எடத்துலயும் ஒண்ணாப் பேசுவீங்களா?"

அந்தக் கேள்வியோடுதான் இன்று இங்கே வந்தேன்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன், பெருமக்களே. நன்றாக யோசித்துப் பாருங்கள். சனிக்கிழமை விருந்துக்கு வருகிறேன் என்று இப்போது ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? நாளையே நம் பையன்கள் முடித்துவிடுவார்கள் என்று அர்த்தம். ஜூனில் வருகிறேன் என்றவன் அணியை நம்பாதவன். இன்று வருகிறேன் என்பவன் அணியை நம்புகிறவன். அதே அட்டை, அதே விருந்து, அதே மாட்டிறைச்சி. இன்று அதற்கு வேறு துணிச்சல் வேண்டும். யாருக்கு இருக்கிறது அந்தத் துணிச்சல்? கை தூக்குங்கள். என் கை கணக்கில்லை, நான் பெண்ணின் அப்பன்.

யாரும் இல்லையா?

யாருமே இல்லையா?

அம்மையாரே, நீங்கள் எதற்கு எழுகிறீர்கள்? ஒலிவாங்கி வேண்டாமா? சரி, முன்வரிசைக்குக் கேட்காது, நானே திருப்பிச் சொல்கிறேன். டோலோரஸ் அம்மையார் சொல்கிறார்: "ஜூன்ல எழுதுனது ஜூனுக்கு. நாளைக்கே முடிச்சிருவாங்க. என் பேர எழுதிக்க ரே. ஒரு ஆள், மீன்."

எழுதிக்கொண்டேன். எழுத்து கோணலாக இருக்கிறது, ஆனால் எழுதிக்கொண்டேன்.

சமையலறைக் கதவருகே நான்கு கை. மாவு ஒட்டிய கைகள், வாழ்க. இடப்பக்கம் ஆறு, பத்து. கடைசி வரிசைச் சகோதரர்கள் மொத்தமாக. யூஜின், அந்தக் கை தலை சொறியவா, வருவதற்கா? வருவதற்கு என்கிறார், கிரேவி இல்லாமல். ஃபாதர் இரண்டு கையும் தூக்குகிறார். தலைவர் அவர்களே, உங்களைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பாதி தூக்கினால் பாதி நாற்காலிதான் போடுவேன். நன்றி. நன்றி நோர்பர்ட்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நாளை ராத்திரி யார் யாருக்கு மரியாதை பார்த்துப் பந்தைக் கீழே விடுவார்களோ என்று இந்த நிமிடமும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குப் போய் என் மகளிடம் சொல்லப்போவதை முதலில் உங்களிடம், இதே மேடையில், அதே சொல்லில் சொல்லிவிட்டு இறங்குகிறேன். பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களுக்கும், அடிக்காமல் விட்ட சகோதரர்களுக்கும் என் நன்றி, என் வணக்கம்.

சனிக்கிழமை ஆட்டம் கிடையாது. விருந்து ஏழு மணிக்கு.