தணலில் கிடந்த ஊதாக் கிழங்கு

— கத்தாதே, லோதர். மணி ஒண்ணரை. ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் இந்தச் சங்கத் தோட்டத்துல யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு பலகை எழுதித் தொங்கவிட்டவனே நீதான்.

— பேச்சை மாத்தாதே, எக்கார்ட். உன் கரியடுப்புல வெள்ளித்தாளைச் சுத்திப் போட்டிருக்கியே, அதுக்குள்ள என்ன?

— உருளைக்கிழங்கு.

— யாரோட உருளைக்கிழங்கு?

— வெந்தா என்னோடது. வேகலைன்னா நாயோடது.

— உன் நக்கலைப் பூரா மூட்டை கட்டி வை. என் பாத்தியில எட்டு வரிசை. வரிசைக்குப் பன்னெண்டு செடி. தொண்ணூத்தாறு. தினம் காலையில எண்ணுறேன். இன்னிக்கும் எண்ணினேன்.

— எத்தனை இருந்துச்சு?

— தொண்ணூத்தாறு.

— அப்புறம் என்னய்யா? சந்தோஷமாப் போய்த் தூங்கு.

— அதுல நாலு தலையைத் தொங்கப்போட்டு நின்னுச்சு. என்ன நோவோன்னு கிட்டப் போய்த் தண்டைப் பிடிச்சேன். கையோட வந்துடுச்சு! அடியில கிழங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கிழங்கை உருவிட்டு, வெறும் தண்டைத் திரும்ப மண்ணுல சொருகி வச்சிருக்கான். செடி மாதிரி! நாப்பத்திநாலு வருஷமாத் தோட்டம் போடுறேன். இப்படி ஒரு அயோக்கியத்தனத்தை நான் பார்த்ததில்ல.

— மூளையுள்ள திருடனா இருக்கானே.

— அந்த மூளை செவ்வாய்க்கிழமை சங்கக் கமிட்டி முன்னால வந்து நிக்கும். கடிதம் எழுதியாச்சு. அடுத்தவன் பாத்தியில கைவச்சா குத்தகை ரத்து, மறுநாளே தோட்டத்தை விட்டு வெளியே. சட்டம்னா சட்டம். சாட்சி ஒண்ணுதான் பாக்கி. அது உன் தணல்ல வேகுது.

— ஏற்கெனவே வேலி ஒரு சாண் அதிக உசரம்னு ஒரு எச்சரிக்கை வாங்கிக் குடுத்தே. வால்நட் மரம் வச்சேன்னு இன்னொண்ணு.

— இந்த மாதிரிக் குத்தகைத் துண்டுல வால்நட் மரம் வைக்கக் கூடாது. எழுதி வச்சிருக்கு.

— அதோட நிழல் உன் பாத்தியில விழுந்துச்சு, அதானே? போன வருஷம் அறுவடைத் திருவிழாவுல நாப்பது கிராம் குறைஞ்சு ரெண்டாம் பரிசு வாங்கினே. அந்தக் கடுப்பை என் மரத்து மேல இறக்கினே.

— முப்பத்தெட்டு கிராம்.

— பாத்தியா!

— அந்த நாலு செடியும் இந்தத் திருவிழாவுக்குன்னு வளர்த்தது. தெரிஞ்சுதான் எடுத்திருக்கே. இது மூணாவது. மூணாவதோட நீ காலி.

— காலின்னா நான் எங்க போவேன்னு தெரியுமா உனக்கு? டிராம் பணிமனைக்கு எதிர்ல ஒத்த ரூம். ஜன்னலைத் திறந்தா எதிர்த்த வீட்டு ஜன்னல். முப்பத்தோரு வருஷம் லைப்சிக் முழுக்க டிராம் ஓட்டினவன் நான். இந்த நாலு மரத்தடியிலதான் ஒரு நாற்காலி போட்டு உக்கார்றேன். இதையும் புடுங்கிட்டா, செத்தவன் மாதிரிதான்.

— கமிட்டியில போய் அழு. உருகுற ஆளு நான் இல்ல. தாளைப் பிரி.

— இன்னும் வேகலை.

— பிரின்னா பிரி.

— உனக்கு அவசரம்னா கிழங்குக்கு அவசரமா? தீ எரியறப்பப் போட்டா மேல கருகும், நடுவுல கல்லாக் கிடக்கும். கரி மேல சாம்பல் பூக்கணும். அப்புறம் ஓரமா ஒதுக்கி வச்சு முக்கால் மணி நேரம், திருப்பித் திருப்பி விடணும். பன்றிக் கழுத்துக்கறிக்குப் பத்து நிமிஷம் போதும், அதனால அது கடைசி. பாதியில பிரிச்சா ஆவி போயிடும்.

— எனக்குச் சொல்லித்தர வந்துட்டான். கறிக்குத் தொட்டுக்கத் தட்டு ஓரத்துல கிடக்குற சாமான். அதுக்கு இந்த அலங்காரம்! பிணத்தைச் சுத்துற மாதிரி சுத்தி வச்சிருக்கே. கிழங்குன்னா உப்புத்தண்ணியில போட்டு வேகவைக்கணும். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு மேசைக்கு வரணும். ஆளுக்கு மூணு. என் வீட்டுல அப்படித்தான்.

— தெரியும்.

— உனக்கெப்படித் தெரியும்?

— இந்தத் தோட்டத்துக்கே தெரியும். பன்னெண்டே காலுக்கு நீ கரண்டியைக் கீழ வைக்கிற சத்தம் ஊருக்குக் கேக்குது.

— தள்ளு. நானே பிரிக்கிறேன்.

— கிடுக்கியாவது எடு, லோதர்! கை வெந்துடும். வெறுங்கையாலயா எடுப்பாங்க? கிறுக்கனாய்யா நீ?

— வெந்தா வேகட்டும்... ஆ... இந்தா. இந்தா! பாரு! ஊதா! தோலும் ஊதா, உள்ளயும் ஊதா!

— ஊதாக் கிழங்கு கடையிலயும் விக்குது.

— கடையில விக்கிறது வெந்தா வெளுத்து, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி ஆயிடும். இது மை மாதிரி நிக்குது பாரு. பதினோரு வருஷமா நானே பொறுக்கிப் பொறுக்கி எடுத்த விதை. ஒருத்தனுக்கும் ஒரு முளைக்கண்ணு கூட வெட்டிக் குடுத்ததில்ல. அசையாதே, போட்டோ எடுக்கணும்.

— எடு. என் மூஞ்சியும் சேர்ந்து விழட்டும்.

— ஒத்துக்கிறியா?

— ஒத்துக்கிறேன். நான்தான் தோண்டினேன். நான்தான் தண்டைச் சொருகினேன். கமிட்டிக்கு அப்படியே எழுது. இப்பப் போ. போய்ப் படு.

— போட்டோ எடுத்தாச்சு.

— இன்னும் ஏன் நிக்கிறே? ஜெயிச்சிட்டேல்ல?

— ஒரு சாண் வேலிக்கு என்கூட ரெண்டு வருஷம் மல்லுக்கு நின்னவன் நீ. அவ்வளவு லேசுல ஒத்துக்கிற ஜாதி இல்லையே. எதையோ மூடுறே. மேசையில ஏன் ரெண்டு தட்டு?

— எனக்குப் பசி அதிகம்.

— ரெண்டு முள்கரண்டி?

— ஒண்ணு கிழங்குக்கு, ஒண்ணு கறிக்கு.

— கெட்டித்தயிர், வெங்காயத்தாள், ஆளிவிதை எண்ணெய்... இந்த எண்ணெய் பக்கத்துல வந்தாலே குமட்டுதுன்னு சங்கத்து விருந்துல நீதானே சொன்னே? இது யாருக்கு? இந்த வெயில்ல குடில் கதவை ஏன் சாத்தி வச்சிருக்கே? யாருடா உள்ள?

— அந்தப் பக்கம் போகாதே. அது என் குடில். அனுமதி இல்லாம அடுத்தவன் குடிலுக்குள்ள நுழையக் கூடாதுன்னு உன் சட்டத்துலயே இருக்கு!

— திருடனுக்குச் சட்டம் ஒரு கேடா? தள்ளு!

— விடுங்க, எக்கார்ட். நானே வந்துட்டேன். இவரோட நீங்க மல்லுக்கட்ட வேணாம்.

— ரோஸ்வித்தா!

— ஆமா. உன் பொண்டாட்டிதான். பேயைப் பார்த்த மாதிரி பார்க்காதே, லோதர்.

— நீ... உங்க அக்கா வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வர்றேன்னு...

— அக்கா மூணு வருஷமா மயோர்க்கா தீவுல இருக்கா. அது கூட உனக்கு ஞாபகம் இல்ல. ஒரு மணி ஆனா நீ குறட்டை. மூணு மணி ஆனா முழிப்பு. நடுவுல ரெண்டு மணி நேரம் எனக்குன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமையில இங்க வர்றேன்.

— இவன்கிட்டயா? இந்த வயசுலயா? வெக்கமா இல்ல?

— சாப்பிட, லோதர். சாப்பிட! உன் புத்தி அதைத் தவிர எங்க வேணா போகும்.

— வீட்டுல சோத்துக்கு என்ன குறைச்சல்?

— போன வருஷக் கிழங்கு. ஜூன் மாசம் வரைக்கும் நிலவறையில முளைவிட்டுச் சுருங்கிக் கிடந்தது. பழசு தீரணும், பழசு தீரணும்னு. ஜூலையில கேட்டேன், புதுசு ஒரு செடி எடுத்துக்கவான்னு. திருவிழா முடியட்டும்னே. முடிஞ்சா பெருசெல்லாம் விதைக்கு, மிச்சமெல்லாம் நிலவறைக்கு. மண்ணுலேர்ந்து அப்படியே எடுத்த கிழங்கை என் தோட்டத்துல நான் தின்னு பதினோரு வருஷம் ஆச்சு.

— அப்ப... தோண்டினது?

— நான். இத்தனை ஞாயிறும் எக்கார்ட் கிழங்கைத் தின்னேன். எத்தனை நாள் வெறுங்கையை வீசிட்டு வர்றது? வெள்ளிக்கிழமை நீ திருவிழாத் தராசைச் சரிபார்க்கப் போனே. நாலு செடி எடுத்தேன்.

— தண்டைச் சொருகினது?

— நான்தான். எண்ணுறவனுக்கு எண்ணிக்கைதானே வேணும்?

— நான்தான்னு சொல்லிட்டேனே, ரோஸ்வித்தா. எதுக்கு வெளிய வந்தீங்க?

— நீங்க சும்மா இருங்க, எக்கார்ட். கறியைப் போடுங்க. தணல் அணையுது.

— எவனும் ஒண்ணையும் போட வேணாம்! பொண்டாட்டின்னாலும் சட்டம்னா சட்டம். குத்தகைக்காரன் அனுமதி இல்லாம பாத்தியில எடுத்தா அது திருட்டு. அதை வாங்கி வேகவச்சவன் திருட்டுக்குத் துணை. ஒரு எழுத்தை மாத்த மாட்டேன். செவ்வாய்க்கிழமை இவன் வெளியே.

— குத்தகைக்காரன் யாரு?

— என்ன கேள்வி இது? நான்தான்!

— காகிதத்தைப் பார்த்திருக்கியா?

— எதுக்குப் பார்க்கணும்? ஒவ்வொரு வேலிக் கம்பமும் நான் நட்டது.

— கம்பம் நீ நட்டே. எழுபத்தொம்பதுல இந்த வரிசைத் தோட்டம் பூரா நூல் ஆலையில வேலை செஞ்சவங்களுக்குத்தான் குடுத்தாங்க. நீயா நூல் ஆலையில இருந்தே? நீ தபால் ஆபீசுல முத்திரை குத்திட்டிருந்தே. மூணு ஷிப்ட் நின்னவ நான். வரிசையில நின்னு கையெழுத்துப் போட்டவ நான். பேரு என் பேரு.

— எனக்கு எவனும் சொல்லலையே?

— சட்டப் புத்தகத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஊர்ல இருக்குறவன் வேலியை எல்லாம் அளந்தே. சொந்த வீட்டு இழுப்பறையில இருக்குற ஒரு தாளை எடுத்துப் பார்க்கல. அது என் தப்பா?

— சிரிக்காதே, எக்கார்ட்!

— நான் சிரிக்கல. புகை கண்ணுல பட்டுடுச்சு.

— சரி. சரி, விடு. உன் பாத்தி, நீ எடுத்தே. திருட்டு இல்ல. கடிதத்தைக் கிழிச்சுப் போடுறேன். போதுமா? கிளம்பு, வீட்டுக்குப் போலாம்.

— நான் சாப்பிடணும்.

— வீட்டுல சாப்பிடு! இன்னும் தொண்ணூத்திரண்டு செடி இருக்கு. திருவிழாவுக்கு மூணே வாரம். அதுல முதல் பரிசு எனக்குத்தான், எழுதி வச்சுக்கோ. அது முடியட்டும். அப்புறம் உனக்கு இஷ்டப்பட்டதை எடுத்துக்கோ. வருஷா வருஷம் எடுத்துக்கோ. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

— வருஷா வருஷமா? வெள்ளிக்கிழமை நான் கிழங்கு மட்டும் எடுக்கல, லோதர். சங்க ஆபீசுக்குப் போய்க் குத்தகையை விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அடுத்தவங்களுக்குக் கைமாத்த மதிப்புப் போடுறவர் நாளைக்குப் பத்து மணிக்கு வர்றார். குடிலுக்கு மதிப்பு உண்டாம், ஆப்பிள் மரத்துக்கு உண்டாம், நீ நட்ட கம்பத்துக்குக் கூட உண்டாம். உன் உருளைக்கிழங்கு மட்டும் கணக்குலயே வராதாம்.