ஒட்டடைக் குச்சித் தாளம்

...ஐயய்யே, அந்தப் போனை முதல்ல கீழ வைங்க தம்பி! வீட்டுக்காரருக்கு அப்புறம் பேசலாம். கீழ் வீட்டுக்குக் குடிவந்து பால் பாக்கெட்டுக்குக்கூட சொல்லல, அதுக்குள்ள புகாரா? இன்னும் ஒரே ஒரு புகார் வந்தாலும் மாடிப் பொண்ணுங்க மூணு பேரும் மூட்டையைக் கட்டணும்னு சொல்லிட்டாரு அந்த மனுஷன். தெரியுமா உங்களுக்கு?

சத்தந்தான்! இல்லேங்கலையே! ராக்காம், மியூசிக்காம்... தகர டப்பாவ மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி. எனக்கு நேர் மேலதானே வாசிக்குதுங்க? முதல் நாள் வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! கவுனுக்குக் கழுத்து வெட்டிட்டிருக்கேன், டமால்னு ஒரு அடி... கத்திரி ஓடிப்போயி இடுப்புல நிக்குது! தையக்காரி பொழப்புல இது... சரி, அத விடுங்க.

எடுத்தேன் ஒட்டடைக் குச்சியை. சீலிங்ல டொக் டொக் டொக். நிறுத்துங்கடீன்னு அர்த்தம். நிறுத்துச்சுங்க. அப்பாடான்னு உக்காந்தேன். மேலேருந்து பதிலுக்கு டொக் டொக் டொக்! கொழுப்பப் பாத்தீங்களா? நான் ரெண்டு தட்ட, அதுங்க ரெண்டு தட்ட... நான் திட்டுறேன் தம்பி, அதுங்க தாளம்னு நெனச்சுக்கிச்சுங்க! டிரம்ஸ் அடிக்கிற பொண்ணு இருக்காளே, பகல்ல பேக்கரியில மாவு பிசையறவ, கையா அது, உலக்கை! மூச்சு வாங்க ஓடிவந்து, "அக்கா, கடைசியா ஒண்ணு தட்டினீங்களே, அத இன்னொருக்கா தட்டுங்க"ங்குறா. அக்காவாம்! என் வயசுக்கு!

தட்டினேன். பின்ன? முன்னெல்லாம் மிஷினை நிறுத்தினா என் மூச்சுதான் எனக்குக் கேக்கும். இப்ப சாயந்தரமானா...

இருங்க, கதவச் சாத்தாதீங்க. என்ன சொன்னீங்க? டீயில காரை பேந்து விழுதா? உங்க சீலிங்லேருந்தா?

அது... வந்து... அவளுங்க இருக்கறது எனக்கு மேல தம்பி. உங்களுக்கு மேல இருக்கறது நான்தான்.

குச்சி உடஞ்சுபோச்சு. அதான் கால்ல தாளம் போட ஆரம்பிச்சேன். பூட்ஸுகூட அவளுங்கதான் வாங்கிக் குடுத்தாளுங்க. நடுவுல ஒரு எடம் வரும் பாருங்க, குதிக்காம யாரால இருக்க முடியும்?

போன் பண்ணியே தீரணும்னா பண்ணுங்க. தையக்காரி ஆடுறான்னு சொல்லுங்க, நான் பதில் சொல்லிக்கறேன். அவளுங்கள இழுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்... ஐயோ, ஆரம்பிச்சுட்டாளுங்க! நான் இல்லாம முதல் அடி எப்படி விழும்? வரேன் தம்பி, வரேன்! கொஞ்ச நேரம் ஃபேனுக்கு நேர் கீழ மட்டும் உக்காராதீங்க!