நான்கு கைப்பிடிகளுக்கும் நான் வைத்த பொட்டு

அவையை அன்பால் ஆண்டுகொண்டிருக்கும் தலைவர் அவர்களே! வாலாஜாபாத்தில் அரிசி ஆலையும் காஞ்சியில் அறிவியல் மன்றமும் நடத்தி, ஒன்றில் வயிற்றுக்கும் மற்றொன்றில் மூளைக்கும் படியளக்கும் ஐயா சுமதிநாதன் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே! தறியை நிறுத்திவிட்டு நேராக வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! கைப்பேசி வெளிச்சத்தில் முகம் காட்டும் மாணவச் செல்வங்களே! வாலாஜாபாத்தில் பிறந்து, அணுமின் நிலையங்களில் பிழைத்து, இன்று உங்கள் முன் நிலைகொள்ளாமல் நிற்கும் இந்தக் கிரேஸின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவருக்கும் உரியதாகுக!

நிலைகொள்ளாமல் என்றேன். பேச்சழகுக்காகச் சொல்லவில்லை. என் கால்களைப் பாருங்கள், ஓரிடத்தில் நிற்கின்றனவா? தண்ணீர் வேண்டாம் ஐயா, குடித்துவிட்டேன். இது தண்ணீரில் தீருகிற தவிப்பு இல்லை.

அழைப்பிதழில் என் தொழிலை "மனிதக் காரணியியல் வல்லுநர்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். எளிமையாகச் சொல்கிறேன். அணுமின் நிலையத்தில் ஒரு கட்டுப்பாட்டு அறை உண்டு. சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க விளக்கு, விளக்குக்குக் கீழே கைப்பிடி. அங்கே அமர்ந்திருப்பவர் மனிதர். அவருக்குக் கண் கூசும், கழுத்து வலிக்கும், களைப்பு வரும், கவலை இருக்கும். அந்தக் கண் எங்கே பார்க்கும், அந்தக் கை எங்கே போகும், அந்தக் களைத்த மூளை எதை மறக்கும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, பலகையை மனிதனுக்கேற்ப அமைப்பதுதான் என் தொழில்.

இதற்கு எடுத்துக்காட்டு தேட நான் வெளிநாடு போக வேண்டாம். அரை மணி நேரத்துக்கு முன் இந்த மண்டபத்திலேயே நடந்தது. வரவேற்புரை நடந்துகொண்டிருந்தபோது, மைக் செட் முத்துக்குமார் மின்விசிறியைப் போடப் போய் மைக்கையே அணைத்துவிட்டார். உடனே நீங்கள் என்ன செய்தீர்கள்? "இன்னாப்பா, தூங்கிக்கினு கீறியா?" என்று ஒருவர். "கண்ணு தெரியலயா உனக்கு?" என்று இன்னொருவர். சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். பிறகு போய் அந்தச் சுவிட்சுப் பலகையைப் பார்த்தேன். பன்னிரண்டு சுவிட்சுகள்! பன்னிரண்டும் வெள்ளை, பன்னிரண்டும் ஒரே அளவு, ஒன்றின் மீதும் ஓர் எழுத்து இல்லை!

முத்துக்குமாரைத் திட்டினீர்களே, அந்தப் பலகையை யாராவது திட்டினீர்களா? அதைச் செய்தவரைத் திட்டினீர்களா? பொருத்தியவரைத் திட்டினீர்களா? பத்து ஆண்டுகளாக அதைப் பார்த்தும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டாத நம்மை நாமே திட்டிக்கொண்டோமா? இல்லை! கடைசியாக யார் கை பட்டதோ அந்தக் கைதான் குற்றவாளி. அவ்வளவு எளிதாக, அவ்வளவு விரைவாக, அவ்வளவு வசதியாக நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்!

என்னம்மா? "எங்க வூட்டு கேஸ் அடுப்பும் அப்பிடித்தான்" என்கிறீர்களா? உண்மைதான். நான்கு திருகுகள், நான்கு பர்னர்கள், எது எதற்கு என்று இருபது வருடம் சமைத்தவருக்கும் ஒரு கணம் தடுமாறும். பால் பொங்கினால் துணியால் துடைத்துவிடலாம். நான் வேலை செய்யும் இடத்தில் துணி போதாது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு எத்தனை பேர் கைதட்டுவீர்கள் என்று தெரியாது. நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. மனிதரின் பெயரைச் சொல்லலாம், அவர் வீட்டாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். கண்ணாயிரம். நம் திருப்புட்குழிக்காரர். பதினேழு ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர். பதினேழு ஆண்டுகளில் ஒரு நாளும் அவர் கை தவறியதில்லை.

அந்த அறையில் நீர் தள்ளும் பம்புகளுக்கென்று நான்கு கைப்பிடிகள் அருகருகே இருக்கின்றன. அணுவின் வெப்பத்தை வாங்கி நீராவியாக மாறுகிற நீரை அந்தப் பம்புகள்தான் தள்ளுகின்றன. மூன்று ஓடும், ஒன்று ஓய்வெடுக்கும். நான்கு கைப்பிடிகளும் கறுப்பு. நான்கும் ஒரே உருவம், நான்கும் ஒரே உயரம். பெயர் எழுதிய தகடு பொடியெழுத்தில், கண்மட்டத்துக்குக் கீழே. இந்த மண்டபத்துச் சுவிட்சுப் பலகைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? விலைதான்!

புரட்டாசியில் இரண்டாம் பம்ப் அடிக்கடி அதிரத் தொடங்கியது. பழுதுபார்க்க நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் அதிர்வு அதிகமானால் உடனே நிறுத்த வேண்டும் என்பது உத்தரவு. கண்ணாயிரம் என்ன செய்தார் தெரியுமா? மனைவி தேவிப்ரியாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து அரக்கு நிறப் பொட்டு ஒன்றை எடுத்துப்போய், இரண்டாம் கைப்பிடியின் தலையில் ஒட்டினார். அவசரத்தில் எண்ணைப் படிக்க வேண்டாம், பொட்டு இருப்பதை நிறுத்து. நான்கு ஷிப்டுக்காரர்களுக்கும் சொல்லிவைத்தார். அனுமதி வாங்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனாலும் சொல்கிறேன், என் பட்டமும் என் படிப்பும் சேர்ந்து செய்யாத வேலையை அந்த ஒற்றைப் பொட்டு செய்துகொண்டிருந்தது!

அந்த வாரம்தான் அந்த அறையை ஆராய நான் போனேன். பொட்டைப் பார்த்தேன். பார்த்துக் குறிப்பேட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "கைப்பிடி ஒன்றில் ஸ்டிக்கர். அழகுக்காக இருக்கலாம்." ஏன் என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மனிதரை ஆராயப் போனவள் மனிதரிடம் பேசாமல் பலகையை அளந்துகொண்டிருந்தேன்!

மூன்றாம் நாள் ஆயுத பூசை. அறைக்கு வெளியே படம், பொரி, பூசணிக்காய். உள்ளே பலகைக்குச் சந்தனமும் குங்குமமும். கண்ணாயிரத்துக்கு அன்று விடுப்பு. ஷிப்டில் இருந்தவர்கள் விருந்தாளி என்ற மரியாதையில் குங்குமத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். "மேடம், நீங்க வையுங்க மேடம், ராசியா இருக்கும்." எங்கள் வீட்டில் குங்குமம் வைக்கும் வழக்கமில்லை. ஆனால் தெருவில் இருந்த கொலு அத்தனைக்கும் போய்ச் சுண்டல் தின்று வளர்ந்தவள் நான். மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டேன். எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது, எதுவும் தெரியாது. கேட்டால் வேற்றாள் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். ஒன்றுக்கு வைத்து ஒன்றை விட்டால் குறையாகுமோ என்று பயம்.

முதல் கைப்பிடிக்கு வைத்தேன். இரண்டாவதற்கு, அந்த ஸ்டிக்கர் மேலேயே வைத்தேன். மூன்றாவதற்கு வைத்தேன். நான்காவதற்கும் வைத்தேன். உடன் இருந்தவர்களும் கைதட்டினார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. பூசைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள் அல்லவா, அது அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பிற்பகல் இரண்டே முக்கால். இரண்டாம் பம்ப் குலுங்கியது. பலகையில் நாற்பது விளக்குகள் ஒரே நேரத்தில் மின்னின. ஒலிப்பான் அலறியது. விடுப்பு முடிந்து சற்று முன்தான் ஷிப்டுக்கு வந்திருந்த கண்ணாயிரம் எழுந்தார், கை நீண்டது, கண் பொட்டைத் தேடியது. எங்கும் பொட்டு! எல்லாவற்றிலும் பொட்டு! எது என் பொட்டு, எது சாமி பொட்டு? அவர் கை மூன்றாவதில் விழுந்தது. நன்றாக ஓடிய பம்ப் நின்றது. அடுத்த நொடியில் இரண்டாவது தானாகவே நின்றது. நீர்மட்டம் இறங்கியது, உலை தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

பதற வேண்டாம் தாய்மார்களே. ஒருவருக்கும் தீங்கில்லை, கதிர்வீச்சு கசியவில்லை. உலைக்கு நாம் கொடுத்திருந்த பாதுகாப்பு தன் கடமையைச் செய்தது. அந்த உலைக்கு இருந்த பாதுகாப்பு கண்ணாயிரத்துக்கு இருந்ததா? இல்லையே! "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று ஒரு முதல் அறிக்கை போனது. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய உரிமத்தை நிரந்தரமாகப் பறிப்பதா என்று முடிவு செய்யப்போகிறார்கள்.

அந்த அறிக்கையின் அடியில் வல்லுநர் கருத்து என்று ஓர் இடம் உண்டு. அங்கே "உடன்படுகிறேன்" என்று கையெழுத்திட்டவள் யார்?

நான்தான்.

சற்று முன் முத்துக்குமாரைத் திட்டிய வாய்கள் எங்கே? என்னைத் திட்டுங்கள். கையெழுத்துப் போட்டபோது குங்குமம் என் நினைவுக்கு வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். பொய் சொல்ல மாட்டேன். பம்ப் நின்ற மறுநாள் காலையிலேயே, கையெழுத்துக்கு முன்பே, ஷிப்டுக்காரர் ஒருவர் அந்த ஸ்டிக்கர் எதற்கென்று சொன்னதும் புரிந்துவிட்டது. படம் பிடித்து வைத்திருந்தேன், என் கைப்பேசியிலேயே இருந்தது, நான்கு கைப்பிடி, நான்கு பொட்டு, ஓரத்தில் தட்டோடு சிரிக்கும் நான். ஓடிப்போய்க் கண்ணாயிரத்தைக் கேட்டேன், "அண்ணே, விசாரணையில் ஏன் இதைச் சொல்லவில்லை?" என்று. அவர் சொன்னார்: "நீ வெச்சது சாமி பொட்டுமா. அத தப்புன்னு எப்பிடி எழுதச் சொல்றது? பசங்க வேற மாட்டிக்குவாங்க. வுடுமா, கை என்னுதுதானே."

விட்டுவிட்டேன் ஐயா! விடு என்றார், நானும் விட்டுவிட்டேன்! மூன்று வாரம் சாப்பிட்டேன், பேருந்தில் போனேன், கூட்டங்களில் பேசினேன். பிழையைத் தடுப்பது எப்படி என்று படம் போட்டுப் பாடம் எடுத்தேன். உள்ளே மட்டும் ஓயாத ஒலிப்பான் ஒன்று அலறிக்கொண்டே இருந்தது.

இன்று மாலை மண்டப வாசலில் தேவிப்ரியா என் கையைப் பிடித்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "மேடம், அவரு வூட்ல லைட்டு சுவிட்சு போடறதுக்கே நின்னு நின்னு யோசிக்கிறாருங்க. ரெண்டு வாட்டி என்னக் கூப்ட்டு, இதானே, இதானேன்னு கேக்குறாரு." பதினேழு ஆண்டுகள் ஓர் அணு உலையை இயக்கிய கை! தன் வீட்டுச் சுவிட்சைத் தொட அனுமதி கேட்கிறது! அப்போதே அவரிடம், எல்லாவற்றையும் மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். தலையசைத்தார்.

ஐயா தலைவரே, இன்று எனக்குத் தருவதற்காக உங்கள் மேசையில் வைத்திருக்கும் "பாதுகாப்புச் செம்மல்" கேடயம் எனக்கு வேண்டாம். மன்றம் மன்னிக்கட்டும்.

என்ன ஐயா சொல்கிறீர்கள்? "யம்மா, இதெல்லாம் மைக்ல பேசணுமாமா? வேலைக்கே ஆபத்தா பூடும்" என்கிறீர்களா? என் மீதுள்ள அக்கறையில் சொல்கிறீர்கள், வணங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பிழை செய்தவரை நீக்கிவிட்டால் பிழை நீங்குமா? கண்ணாயிரம் போனால் அந்த நாற்காலியில் இன்னொருவர் அமர்வார். அவருக்கும் அதே நான்கு கறுப்புக் கைப்பிடி! அவருக்கும் அதே பொடியெழுத்து! அவருக்கும் அதே நாற்பது விளக்கு! அடுத்த ஆண்டும் ஆயுத பூசை வரும், அடுத்த ஆண்டும் யாரோ ஒருத்தி அன்போடு தட்டை வாங்குவாள். மனிதனை மாற்றிக்கொண்டே இருப்பீர்களா, மரத்துப்போன பலகையை மாற்றுவீர்களா? கை தவறும் என்று தெரிந்தே கைக்கு வழிகாட்டாத அறையைக் கட்டிவிட்டு, கையை மட்டும் வெட்டுவீர்களா?

நான் என்ன செய்யப்போகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், படமும் இணைத்திருக்கிறேன். உடன்படுகிறேன் என்ற கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். திங்கட்கிழமை நேரில் கொடுக்கிறேன்.

சற்றுப் பொறுங்கள். தேவிப்ரியா மூன்றாம் வரிசையில் எழுந்து நிற்கிறார். கையில் கைப்பேசி. என்னம்மா, அவர் இணைப்பிலா இருக்கிறார்? முழுவதும் கேட்டாரா? சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"கேட்டுக்கினுதான் இருக்காருங்க. 'மொத பொட்டு நான் ஒட்டுனேன், பர்மிசன் இல்லாம ஒட்டுனேன், அதயும் எழுதச் சொல்லு. பாதி உண்மை வோணாம்'ன்றாருங்க."

கண்ணாயிரம் அண்ணே! எழுதுகிறேன். முதல் வரியில் என் பெயர், இரண்டாம் வரியில் உங்கள் பெயர், மூன்றாம் வரியில் அந்த நான்கு கைப்பிடிகள். நீங்கள் உள்ளே போகும்போது நானும் கூட வருகிறேன். உங்களைக் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றையும் என்னையும் கேட்கட்டும்.

புகழ்ச்சி கேட்க வந்து என் குற்றத்தைப் பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண் துடைத்துக்கொள்ளும் அன்னையர்களுக்கும், இதையெல்லாம் பேச மேடை தந்த மன்றத்துக்கும் நன்றி. அண்ணே, பத்து மணிக்கு விசாரணை. ஒன்பதரைக்கே வாசலில் நிற்பேன். வணக்கம்.