பால் பொங்கும்வரை பூட்டியிருந்த கேட்

திருப்பூர் ராயபுரம், ஜானகி அபார்ட்மெண்ட்ஸ், தரைத்தளம் ஒன்றாம் நம்பர் வீட்டில் குடியிருக்கும் காலஞ்சென்ற தங்கவேலு மகன் மருதாசலம், வயது 54, இன்று 24.08.2007 வெள்ளிக்கிழமை மதியம் காவல் நிலையத்தில் தானாக ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவி வேலாத்தாளுடன் வசித்து வருகிறேன். மேற்படி அபார்ட்மெண்டில் தரைத்தளத்தோடு மூன்று தளத்திலும் சேர்த்துப் பன்னிரண்டு வீடுகள், எல்லாம் வாடகைக்கு விட்டவை. உரிமையாளர் திரு. வேல்குமார் பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார். வாடகை வாங்குவது, மோட்டார் போடுவது, கேட்டைத் திறப்பது பூட்டுவது, யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்பது எல்லாம் என் வேலை. அதற்காக எனக்கு வீடு இலவசம். நான் கொஞ்சம் கறாரான ஆள். பால்கனிக் கம்பியில் ஈரத்துணி தொங்கினால் மாடி ஏறிப் போய்க் கேட்பேன். குடியிருப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை வாட்ச்மேன் என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நேற்று நான் எழுதிக் கொடுத்த புகாரின் பேரில், ஒன்பதாம் நம்பர் வீட்டில் குடியிருக்கும் ஓவர்லாக் டெய்லர் சகாயராஜை இன்று காலை பிடித்து வந்திருக்கிறீர்கள். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் ரிமாண்ட் செய்யப்போவதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் புகாரில் பாதி நடக்காதது. சகாயராஜ் ஜெயிலுக்குப் போவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

பத்தாம் நம்பர் வீட்டில் அழகுமலை என்பவர் ஏழு வருடமாக வாடகைக்கு இருந்தார். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி பெயர் ராமுத்தாய், பிள்ளைகள் இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் நின்று, வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், "வணக்கமுங்க மேனேஜருங்களே" என்று எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டுத்தான் போவார். தெற்கத்திக்காரர் வாயில் அது கேலியாகத்தான் கேட்கும், ஆனாலும் அந்தக் காம்பவுண்டில் என்னை மேனேஜர் என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். இந்த வருடம் அவருக்கு ஈரல் கெட்டுப்போய், ஆடி மாதம் முழுக்கக் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

இதற்கு முன்னால் ஐந்தாம் நம்பர் வீட்டில் இருந்த ஒருவரின் தாயார் அந்த வீட்டிலேயே இறந்துபோனார். அதன் பிறகு அந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். வீடு வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் காம்பவுண்டுக்குள் பிணம் வரக்கூடாது, சாகக் கிடப்பவர்களையும் சொந்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டும், புதிதாகக் குடிவருகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் சாவி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் அப்படியே செய்து வந்தேன். அது எனக்குத் தப்பாகவே படவில்லை.

ஆவணி பிறந்ததும் ஐந்தாம் நம்பருக்கு ஆள் கிடைத்தது. பேங்க் வேலை பார்க்கும் குடும்பம். அந்த வீட்டில் யாராவது தவறினார்களா என்று அந்தம்மாள் கிருத்திகா என்னிடம் கேட்டார். இல்லீங்க என்று சொன்னேன். நேற்று வியாழக்கிழமை காலை பத்தரை மணி நல்ல நேரத்தில் பால் காய்ச்சிக் குடிவருவதாக ஏற்பாடு. நானே மாவிலை கட்டிக் கொடுத்தேன்.

பத்தரை மணி சுமாருக்கு ஒரு ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் வந்து கேட்டில் நின்றது. ராமுத்தாய் இறங்கி வந்து, டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்றார். ஊருக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டேன். தாராபுரம் வரைக்கும்கூடத் தாங்காது என்று டிரைவர் சொன்னார். ராமுத்தாய், "அண்ணே, உசுரு இருக்குண்ணே. நம்ம வீட்டுக்குப் போவோம், நம்ம வீட்டுக்குப் போவோம்னு வழியெல்லாம் அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாரு. தொறங்கண்ணே" என்றார். அதன் பிறகு நான் சின்ன கேட் வழியாக வெளியே போய், ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினேன். உள்ளே வந்து இரண்டு கேட்டையும் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதலாளிக்குப் போன் செய்தேன்.

போனில் முதலாளியிடம், அழகுமலை கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் என்று சொன்னேன். முதலாளி, "ஏனுங்க மருதாசலம், அங்க பால் காய்ச்சற நேரத்துல இதென்னங்க வம்பு? அப்படியே ஊருக்கு ஓட்டச் சொல்லுங்க. குண்டடம் தாண்டிட்டா நமக்குத் தலைவலி இல்லீங்க" என்றார். உயிர் இருக்கிறது என்று நான் அழுத்திச் சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் அழுத்திச் சொல்லவில்லை.

அதன் பிறகு ராமுத்தாயிடம் வந்து, "பத்து நிமிசம் பொறுங்க அம்மணி. மேல பால் காய்ச்சறாங்க. பொங்குனதும் நானே தொறந்து உடறேனுங்க" என்று சொன்னேன். மனதார அப்படித்தான் நினைத்திருந்தேன். பால் பொங்கி, சாமி கும்பிட்டு, அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்ததும், யாருக்கும் தெரியாமல் அழகுமலையை மாடிக்குத் தூக்கிவிடலாம் என்பது என் கணக்கு. உத்தரவையும் மீறின மாதிரி இருக்காது, பாவமும் சேராது என்று நினைத்தேன்.

ஆனால் பால் பொங்கவில்லை. பெருமாநல்லூரிலிருந்து நாத்தனார் வரவேண்டும், அவர் வந்துதான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்று மேலே காத்திருந்தார்கள். அந்த நாத்தனார் ஆட்டோவில் வந்து இறங்கி, இது என்னங்க ஆம்புலன்ஸ் என்று கேட்டதற்கு, பக்கத்துக் காம்பவுண்டுக்கு வந்ததுங்க, திருப்பறதுக்கு நிற்குதுங்க என்று சொல்லி, சின்ன கேட்டைத் திறந்து அவரை உள்ளே விட்டு மறுபடி பூட்டினேன். ராமுத்தாய் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நான் திறந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

அதன் பிறகு ராமுத்தாய் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மூச்சு மாறுது. வீட்டுக்குள்ள விடாட்டியும் போகுது, ஒரு வாய் ஊத்த கொஞ்சம் பாலாவது குடுங்கண்ணே" என்று கேட்டார். அந்த நேரம் மேலே பால் பொங்கிவிட்டது. சார், வாங்க என்று மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். போகாமல் இருந்தால் என்னவென்று எட்டிப் பார்ப்பார்களே என்று போனேன். கிருத்திகா அம்மாள் முதல் டம்ளரை என் கையில் கொடுத்தார். ஏலக்காய் போட்டிருந்தது. நான் அதைக் குடித்தேன். சூடாக இருந்ததால் ஆற்றி ஆற்றிக் குடித்தேன்.

கீழே இறங்கி வந்தபோது என் மனைவி வேலாத்தாள் எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து பாலை எடுத்துக்கொண்டுபோய்க் கம்பி வழியாக ராமுத்தாயிடம் நீட்டியிருந்தாள். என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க செய்யறது நல்லால்லீங்க. சாவியக் குடுங்க" என்றாள். நான் பையில் கை விட்டேன். அதற்குள் ஆம்புலன்ஸுக்குள்ளிருந்து ராமுத்தாய் அழும் சத்தம் கேட்டது. பால் உள்ளே இறங்காமல் கடைவாய் வழியாக வழிந்துவிட்டது என்று டிரைவர் சொன்னார். நான் பையிலிருந்து கையை வெறுமனே எடுத்துவிட்டேன். இனிமேல் அது பிணம், பிணத்தை உள்ளே விட உத்தரவு இல்லை என்று என் புத்தி அப்போதும் சட்டம் பேசியது.

அதன் பிறகு சேதி தெரிந்து கம்பெனியிலிருந்து சகாயராஜ் சைக்கிளில் வந்தார். அவரும் அழகுமலையும் எதிரெதிர் வீடு, அண்ணன் தம்பி மாதிரிப் பழகியவர்கள். என்னிடம், "அண்ணாச்சி, அண்ணன் உயிரோடதான வந்தாவ?" என்று கேட்டார். "வரும்போதே முடிஞ்சுதுங்க தம்பி" என்று சொன்னேன். ராமுத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பால் டம்ளரை முந்தானையால் துடைத்துக் கம்பி வழியாக என் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பார்வையிலேயே சகாயராஜுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சாவியைக் கேட்டார். முதலாளியைக் கேளுங்கள் என்றேன். அவர் ஆம்புலன்ஸிலிருந்த ஜாக்கி கம்பியை எடுத்துப் பூட்டில் அடித்தார். நான் உள்பக்கம் கேட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பூட்டு தெறித்ததும் கேட் திரும்பி என் மணிக்கட்டில் பட்டு வீங்கிவிட்டது. இரும்புக் கம்பியால் என்னைக் கொல்ல வந்தார் என்று புகாரில் இருப்பது பொய். அவர் கம்பியைக் கீழே போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார், ஏனென்றால் அழகுமலையைத் தூக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போவதை ஐந்தாம் நம்பர் வீட்டார் வாசலில் நின்று பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் யாருக்காகக் கேட்டைப் பூட்டினேனோ அவர்கள் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கவில்லை.

அழகுமலையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகு முதலாளி என் வீட்டுக்கு வந்து, கேட்டை உடைத்தவனைச் சும்மா விட்டால் நாளைக்கு எல்லாரும் உடைப்பார்கள் என்று சொல்லிப் புகார் எழுதச் சொன்னார். வெளியாட்கள் வந்தார்கள், கொலை மிரட்டல் விட்டார்கள் என்று புகாரில் இருப்பதெல்லாம் அவர் சொல்லி நான் எழுதியது. சடலத்தை ஏற்றி வந்தார்கள் என்பது மட்டும் அவர் சொன்னதல்ல. அந்த வார்த்தையை நானே போட்டேன்.

உயிர் இருந்தது என்று உமக்கு எப்படித் தெரியும், நீர் என்ன டாக்டரா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, ஆம்புலன்ஸைத் திறந்தபோது டிரிப்ஸ் பாட்டிலில் சொட்டு இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், பிணத்துக்கு யாரும் டிரிப்ஸ் ஏற்ற மாட்டார்கள் என்று பதில் சொன்னேன். இப்படிச் சொல்வதால் உம்மேல் வழக்கு வரலாமே என்று கேட்டதற்கு, வரட்டும் என்று சொன்னேன். வேலையும் வீடும் எனக்கு இனி இல்லை. வேலாத்தாள் காலையிலேயே சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நேற்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. சகாயராஜ் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என் மணிக்கட்டைப் பார்த்து, "வீக்கம் வத்தலியா அண்ணாச்சி" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மேற்படி வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. படித்து முடித்ததும், ஒன்று விட்டுப்போயிற்று, சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். வழக்குக்கு அது தேவையில்லை என்று ரைட்டர் சொன்னார். எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னதன் பேரில் கீழ்க்கண்டது சேர்க்கப்படுகிறது.

நான் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தபோது அழகுமலை கண் விழித்துத்தான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். ஊசி குத்தியிருந்த வலது கையை நெற்றிவரைக்கும் கொண்டுபோய் எனக்கு வணக்கம் வைத்தார். பழக்கத்தில் நானும் கையெடுத்துத் திருப்பி வணக்கம் வைத்தேன். அதற்கப்புறம்தான் கதவைச் சாத்தினேன். இதை ராமுத்தாய் பார்க்கவில்லை, டிரைவரும் பார்க்கவில்லை. இதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இவ்வளவும் நான் என் சுயபுத்தியில் சொன்னது, சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, இதில் பொய் ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) த. மருதாசலம்