எதிர்மாடி கேமரா

என் பெயர் கோவிந்தம்மாள், வயது 46, கணவர் பெயர் ஜம்புலிங்கம். திருத்தணி மலையடிவாரத்தில் குடியிருக்கிறேன். மொட்டை போட்டு வரும் பெண்கள் குளித்து உடை மாற்ற, வீட்டோடு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டு வருகிறேன். எதிர்மாடி கம்ப்யூட்டர் ஆபீஸ் மீது நேற்று புகார் கொடுத்தவள் நான். இன்று நானாகவே நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

நேற்று காலை துணி உலர்த்தும்போது, எதிர்மாடி ஜன்னலோரம் ஒரு மெஷினில் கேமரா விளக்கு எரிவதைப் பார்த்தேன். அதன் முன் ஆள் இல்லை. என் குளியலறைகள் அந்த ஜன்னலுக்கு நேரே இருக்கின்றன. உடனே தெருவையே கூட்டிக்கொண்டு மாடி ஏறி, பொறுப்பில் இருந்த ஷோபனா என்ற பெண்ணைப் பார்த்து, "பொம்பளைங்க குளிக்கிறத படம் புடிச்சிகினு இருக்கியாடி?" என்று கையை ஓங்கினேன். இங்கே எழுத முடியாத வார்த்தைகளும் பேசினேன். அதன் பிறகு என் புகாரின் பேரில் காவலர்கள் மெஷின்களை எடுத்துச் சென்றனர். அவை திரும்பி வராவிட்டால் ஷோபனாவுக்கு வேலை இல்லை என்று அவள் முதலாளி சொல்லிவிட்டார்.

இன்று உதவி ஆய்வாளர் அய்யா ஷோபனாவையும் வரவழைத்து, என் கண்ணெதிரே அந்த மெஷினைப் போட்டுப் பார்த்தார். பதிவானது முழுக்க ஒரு மயில் படம். வெளியே இருப்பது எதுவும் படத்தில் விழாதபடி ஷோபனாதான் கேமராவின் மேல் சின்ன அட்டைப்பெட்டியை ஒட்டி, உள்ளே பல்பு போட்டு, காலண்டர் மயிலை வைத்திருக்கிறாள். அந்த மெஷின்கள் புதுச் செயலிகளைத் தாமாகவே ஓட்டிப் பரிசோதிப்பவையாம். செயலி கேமரா கேட்கும், மைக் கேட்கும். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். அதனால் சிலர் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதி போட்டுவிடுவார்களாம். "நான் அப்படி உட மாட்டங்க. எதுக்கு எது வேணுமோ அத மட்டும் குடுப்பேன். டெஸ்ட்டு முடிஞ்சதும் புடுங்கிடுவேன்" என்றாள். எம்மாடி, என்ன கெட்டிக்காரி! திட்டிய வாயாலேயே அவளைப் பாராட்டினேன்.

அதன் பிறகு வெளியே வந்ததும், என் போனையும் பார்க்கும்படி நானே கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, துணைக்கு வந்து பக்கத்தில் நின்ற என் ஓரகத்திக்குக்கூடக் கேட்காதபடி, "அக்கா, இந்த டார்ச்சு ஆப்புக்கு எதுக்கு மைக்கு, போட்டோ எல்லாம்? கேட்டதுக்கெல்லாம் சரின்னு அமுக்கிட்டீங்களா?" என்றாள்.

"ஆங், அமுக்குனேன். இல்லன்னா எரியலியே" என்றேன்.

அவள் அந்தச் செயலியை நீக்கிப் போனைத் திருப்பித் தந்தாள். கரண்ட் போகும்போதெல்லாம் பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் அந்தப் போனைத்தான் கொண்டுபோவேன். அவளைத் திட்ட நான் தெருவையே கூட்டிக்கொண்டு போனேன். எனக்காக அவள் குரலைத் தாழ்த்தினாள். வெட்கத்தில் அழுதுவிட்டேன். அவள் யாரிடமும் சொல்லமாட்டாள் என்பதால் நானே சொல்கிறேன்.

புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பெண்ணின் மெஷின்களை இன்றே கொடுத்துவிடுங்கள் அய்யா. எதையாவது பிடித்து வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் என் போனை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஜ. கோவிந்தம்மாள்