பொடி மேல பழி

– அங்கேயே நில்லுங்க. காலை உள்ள வைக்காதீங்க.

– சாப்பாடு கொண்டு வந்திருக்கேன். அதுக்குமா தடை?

– கேரியர் வரலாம். கொண்டு வந்தவர் வரக்கூடாது. வாசல்ல வெச்சிட்டுத் தள்ளி நில்லுங்க, நானே எடுத்துக்கறேன்.

– கட்டின பொண்டாட்டியை ஜெயில்ல மனு போட்டுப் பார்க்க வந்த மாதிரி இருக்கு.

– எலிக்கு மருந்து குடுத்தது நீங்க. அதோட எலும்பு மஜ்ஜையை எடுத்து ஸ்லைடு போட்டு நம்பர் ஒட்டினதும் நீங்க. மைக்ரோஸ்கோப்ல எண்ணறவ நான். எந்த நம்பர் எந்த எலின்னு எனக்குத் தெரிஞ்சா மொத்தச் சோதனையும் குப்பை. வேற ஆள் இல்லாமத்தான் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் இதுல போட்டாங்க. மேனேஜர் முன்னாடி தலையை ஆட்டிட்டு வந்தோமா இல்லையா?

– ஆட்டினோம், ஆட்டினோம். ஞாயித்துக்கிழமை, கட்டடத்துல ஈ காக்கா இல்ல. யாரு பார்க்கப் போறா?

– நான் பார்ப்பேனே.

– நான் என்ன சொல்றேன்னா, வேலையைப் பத்திப் பேசக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. நாம உப்பு போதுமான்னு கேக்கறதைக்கூட நிறுத்திட்டோம். நீ சுவத்தைப் பார்த்துப் படுக்கறே. நான் ஃபேனைப் பார்த்துப் படுக்கறேன். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம்தான்.

– ஃப்ரிட்ஜாவது ஓடுதே.

– விளையாடாதே. எலிங்க இருந்த வரைக்கும் அதுங்ககிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசிட்டு இருந்தேன். இப்போ கூண்டெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு. அந்த ரூமுக்குள்ள போனா என் செருப்புச் சத்தம்தான் எனக்குத் துணை.

– சரி, விஷயத்துக்கு வாங்க. கேரியர் சாக்குன்னு தொட்டாலே தெரியுது. ஆறி ஜில்லுன்னு இருக்கு. எவ்வளவு நேரமா கீழ நின்னீங்க?

– நிக்கல. படியில உட்கார்ந்திருந்தேன். மேல வரலாமா வேணாமான்னு.

– வந்தாச்சு. சொல்லுங்க.

– ஒண்ணே ஒண்ணு. அந்த ஜிங்க் பொடி எலிங்களோட மரபணுவைக் கெடுத்திருக்கா, இல்லையா?

– அதானே பார்த்தேன். ரிப்போர்ட் வரும். எல்லாரோடயும் சேர்ந்து படிங்க.

– காலைல அம்மா போன் பண்ணாங்க.

– ஆமா ஆமா, ஞாயித்துக்கிழமையாச்சே. என் உடம்புல ஏதோ கோளாறு, நல்ல டாக்டராப் பார்க்கணும். அதானே?

– அதான்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– உம் கொட்டினேன்.

– ரெண்டு தடவை கரு கலைஞ்சுது. ரெண்டு தடவையும் நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து உட்காரக்கூட இல்ல, என்னத்தைத் தின்னு தொலைச்சேன்னு கேட்டாங்க. அப்பவும் பக்கத்துல நின்னு உம்தான் கொட்டினீங்க.

– அதுக்குத்தான் வந்திருக்கேன். முதல்ல எல்லாம் பொடியை நான் எப்படி எடை போட்டேன்னு உனக்கே தெரியும். மாஸ்க் கிடையாது. தூசியை இழுக்கற மெஷினும் கிடையாது. சட்டை, மீசை எல்லாம் வெள்ளை. மாவு மில்லுக்கா வேலைக்குப் போறீங்கன்னு நீயே கேட்டே. அந்தச் சட்டையோட வந்து உன் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டேன்.

– அதுக்கு? குழந்தைக்குப் பூசற களிம்புலகூட இருக்கற பொடிங்க அது. இப்போ புதுசா உள்ளுக்குச் சாப்பிடற மாத்திரைல போடப் போறாங்க, அதனால சோதனை. எலியோட மஜ்ஜையைப் பார்த்து நம்ம வீட்டுக் கதையைச் சொல்ல முடியாது.

– முடியாது, தெரியும். ஒரு சந்தேகமாவது கிளம்பும்ல?

– ஓ. உங்களுக்கு ஒரு சர்டிபிகேட் வேணும். பொடி நல்ல பொடி, என் புள்ள மேல குத்தமில்லன்னு உங்கம்மா ஊரெல்லாம் காட்டணும். வெறும் வாயை மெல்றவங்களுக்கு அவல் வேற கேக்குது.

– தலைகீழாப் புரிஞ்சுக்கறே. பொடி கெட்டதா இருக்கணும்னு நான் தினம் வேண்டிக்கறேன்.

– என்ன பேச்சு இது?

– நிஜமாத்தான். ஒவ்வொரு எலிக்கும் மருந்து ஊத்தும்போதும் அதான் மனசுல ஓடிச்சு. கெட்டதுன்னு வந்தா அம்மாவுக்கு நானே போன் பண்ணுவேன். குறை உன் மருமககிட்ட இல்லம்மா, உன் புள்ள சட்டைல ஒட்டிக்கிட்டு வந்த பொடியா இருக்கலாம்னு சொல்லுவேன். அவங்க வாய் அடங்கும். நீயும் சுவத்தை விட்டு இந்தப் பக்கம் திரும்புவே.

– இதை ஏன் இத்தனை நாளா வீட்ல சொல்லல?

– வேலையைப் பத்திப் பேசக்கூடாதே.

– நல்லா இருக்கு போங்க உங்க நாணயம்.

– ஊமை கண்ட கனவாப் போச்சு என் பாடு. எந்த எலிக்கு என்ன குடுத்தேங்கறது என்கிட்ட இருக்கு. எந்த ஸ்லைடு கெட்டிருக்குங்கறது உன்கிட்ட இருக்கு. ஒரே மேஜைல எதிரெதிரா உட்கார்ந்து சாப்பிடறோம். ரெண்டையும் சேர்த்தா முடிஞ்சுது. நான் நம்பரைச் சொல்லிடட்டுமா?

– வேணாம்.

– ஒரே ஒரு நம்பர்.

– வேணாங்க. தேவையே இல்ல.

– ஏன் தேவையில்ல?

– பொடி குடுத்த எலிங்க ஒரு பக்கம், வெறும் தண்ணி குடுத்த எலிங்க ஒரு பக்கம். இது ரெண்டும் இல்லாம, நிச்சயமாக் கெடுக்கும்னு தெரிஞ்ச விஷ மருந்தைச் சில எலிங்களுக்குக் குடுத்தீங்கல்ல, சோதனை ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்க? அது எத்தனை?

– அதை உன்கிட்ட சொல்லலாமா?

– அது ஆரம்பத்துலயே எல்லாருக்கும் படிச்சுக் காட்டினதுதான். எனக்கும் ஞாபகம் இருக்கு. உங்க வாயால வரட்டும்னு கேக்கறேன்.

– அஞ்சு.

– எலி ஒண்ணுக்கு ஒரு ஸ்லைடு. மரபணு உடைஞ்சா அந்தத் துண்டு செல்லுக்குள்ள தனியா ஒரு புள்ளியா நிக்கும். அப்படிப் புள்ளி கொட்டிக் கிடக்கற ஸ்லைடு என்கிட்ட அஞ்சு இருக்கு. மிச்சம் அத்தனையும் ஒண்ணு போல ஒண்ணு. தண்ணி எது, பொடி எதுன்னு பிரிக்கவே முடியாது.

– அப்போ அந்த அஞ்சும்...

– விஷம் குடிச்ச எலிங்கதான். அதுங்க கெடாம வேற எது கெடும்? நீங்க ஒட்டின நம்பருக்கு வேலையே இல்லாமப் போச்சு.

– பொடி மேல பழி இல்ல.

– இல்ல.

– அப்போ நமக்கு ஏன் ரெண்டு தடவையும் அப்படி...

– யாருக்குத் தெரியும்? டாக்டருக்கே தெரியல. ஆனா பொடி கழண்டுக்கிட்டா உங்கம்மா விரல் எந்தப் பக்கம் நீளும்னு எனக்குத் தெரியும். என் விரலும் அந்தப் பக்கம்தான் நீளுது, அதைத்தான் தாங்க முடியல.

– இது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?

– மழை ஆரம்பிச்சப்பவே.

– மழை நின்னே எவ்வளவோ நாளாச்சே.

– ம்.

– இவ்வளவையும் தனியாவா வெச்சுக்கிட்டிருந்தே?

– நீங்க மட்டும் என்ன, கூட்டம் கூட்டியா வேண்டிக்கிட்டீங்க?

– ஆறாவதா ஒரே ஒரு ஸ்லைடு கெட்டிருந்தாக்கூடப் போதும். பொடியைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

– சந்தேகப்பட்டிருக்கலாம்.

– எனக்கு ஒண்ணு புரியல. எண்ணி முடிச்சு இத்தனை நாளாச்சு. ரிப்போர்ட்டையும் குடுக்காம, ஞாயித்துக்கிழமைகூட விடாம இங்க வந்து, தனியா அதுக்குள்ள கண்ணை வெச்சுக்கிட்டு என்னதான் பண்றே?

– அந்த ஆறாவதைத்தான் தேடறேன்.