வாயில் கவ்விய போல்ட்டு

மத்தியானம் மூணு மணி. வடதுருவத்துக்குக் கிட்ட, குளிர்காலத்துல சூரியனே எட்டிப் பாக்காத ஊரு எங்களது, அதனால கும்மிருட்டு. இனாரிக்குப் போற காட்டு ரோடு... கண்ணுக்கெட்டின தூரம் ஒரு வீடு கிடையாது. என் கூட்டாளி தவுனோவோட மச்சான் யால்மரிக்கு நடந்தது இது. கையில இருக்கிறதைக் கீழ வெச்சிட்டுக் கேளுங்க, அப்புறம் சாப்பாடு இறங்காது.

மைனஸ் முப்பத்திநாலு. டப்புன்னு ஒரு சத்தம்... யால்மரி ஓட்டிட்டுப் போன காரோட எஞ்சின் பெல்ட்டு அறுந்துடுச்சு. ஹீட்டர் செத்துப்போச்சு, குளிர்ல போனும் செத்துப்போச்சு. பெல்ட்டை மாட்டலேன்னா ஆளு விறைச்சுப் பொணம். யால்மரி தன் வண்டியில அடுத்தவனைக் கைவைக்க விடமாட்டான். டிக்கியில மாத்து பெல்ட்டு எப்பவும் கிடக்கும்.

ஆனா இடம்தான் சரியில்ல. போன வாரம் இதே வளைவுல ஒரு வண்டி நின்னுது. அடியில நீட்டிக்கிட்டு ரெண்டு காலு. பனியில நின்ன வண்டியைக் கண்டா நம்மள்ல எவனாவது நிக்காம போவானா? இவன் போனான். வீட்ல சவுனா, அதான் நீராவிக் குளியல் அறை, சூடாகியிருந்தது, ஆறிடுமாம். அந்த ஆளை மறுநாள் பொணமாத்தான் எடுத்தாங்க. இதை இவன் பொண்டாட்டிகிட்டகூட சொல்லல.

இப்ப யால்மரி தன் வண்டி அடியில மல்லாந்து படுத்தான். வெறுங்கை. போல்ட்டைக் கழட்டி, புது பெல்ட்டை மாட்டினான்... போல்ட்டு பனிக்குள்ள போயிடுச்சு. துழாவுறான், துழாவுறான். வெளிய கைய நீட்டினான்... யாரோ போல்ட்டைக் கையில வெச்சாங்க.

டயர் பக்கத்துல ரெண்டு பூட்ஸு. வந்த சத்தமே இல்ல.

"நல்லா இருப்பே அண்ணே."

நன்றி சொன்னா நம்ம ஆளுங்க எப்பத் திருப்பிப் பேசியிருக்கானுங்க.

போல்ட்டு சூடா இருந்தது.

பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ரெண்டு கையும் வேணும். குளிர்ந்த இரும்பு உதட்டைப் பிச்சுடும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். இது சூடாத்தானே இருக்குன்னு வாயில கவ்விக்கிட்டான்... ஊசிப்போன கொழுப்பு வாடை. உப்பு. பாலாடை மாதிரி எதுவோ உரிஞ்சு, வழவழன்னு நாக்குல ஒட்டிக்கிச்சு. சீ... துப்பினா போல்ட்டு போயிடும். தன் உதட்டுத் தோலுதான்னு முழுங்கிட்டான். சொல்ற எனக்கே குமட்டுது.

முடுக்கிட்டு வெளிய வந்தான். பனியில இவன் கால்தடம் மட்டும்.

வீட்டுக்கு வந்ததும், "உதடு பிஞ்சுபோச்சு, மருந்து எடு"ன்னான். பொண்டாட்டி ஹில்க்கா விளக்கைக் கிட்டப் பிடிச்சுப் பாத்தா.

"எங்கய்யா பிஞ்சிருக்கு? நல்லாத்தானே இருக்கு."

நாக்கை நீட்டினான். அதுவும் நல்லாத்தான் இருந்தது. அப்பதான் கழுவுற தொட்டியில குடம் குடமா வாந்தி. அதுல மஞ்சளா ஒரு துண்டு. ஹில்க்கா கரண்டிக் காம்பால விரிச்சா. விரல் நுனித் தோலு. ரேகை ஒண்ணு விடாம இருந்தது.

"யாருய்யா அங்க இருந்தா?"

"அன்னிக்கு நான் நிக்கல, ஹில்க்கா... அவன் நின்னான்."

வண்டி இன்னும் அவன் வாசல்லதான் நிக்குது. காலையில போய் எஞ்சின் மூடியைத் தூக்கினா எல்லாம் உறைஞ்சு கிடக்கும். அந்த ஒரு போல்ட்டு மட்டும் சூடா இருக்கு. துணியால துடைச்சான், மண்ணெண்ணெய் போட்டும் துடைச்சான்... தினமும் அதுலேர்ந்து புதுசாத் தோலு உரியுது.